வாரக்கணக்கில் வேலை, பத்து மணி நேர டிக்கெட்!

பாஸ்வேர்ட் கொடுத்து உள்ளே நுழைந்துவிட்டால், நாமாக வெளியேறும் வரை கம்ப்யூட்டர் நம்மை நம்பும் என்றுதான் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் நினைக்கிறார்கள். பெரிய கம்ப்யூட்டர் மையங்களில் அப்படி இல்லை. அங்கே நம்பிக்கைக்கும் கெடு உண்டு. கெடு முடியும் நேரத்தில் வேலை பாதியில் இருந்தால் என்ன ஆகும்?

ஊட்டியில் உள்ள காஸ்மிக் கதிர் ஆய்வுக்கூடத்தை எடுத்துக் கொள்வோம். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த இக்கூடத்தில், கிரேப்ஸ்-3 என்னும் கருவித் தொகுப்பு விண்ணிலிருந்து வரும் கதிர்களை இரவு பகலாகப் பதிவு செய்கிறது. 2015 ஜூன் 22 அன்று, சூரியன் வீசிய துகள் மேகம் பூமியின் காந்தப் புலத்தைத் தாக்கியது. அப்போது மியூவான் துகள்கள் திடீரென அதிகரித்ததை இந்தக் கருவி பதிவு செய்தது. அது நீடித்தது 2 மணி நேரம்தான். ஆனால் அதன் பொருளைக் கண்டறியும் கணக்கீடுகள் பல வாரங்கள் ஓடின. அதற்குப் பயன்பட்டது ஊட்டியிலேயே அமைக்கப்பட்ட 1280 கோர் கம்ப்யூட்டர் தொகுப்பு. முடிவுகள் 2016ல் வெளியாயின.

இப்படிப் பல கம்ப்யூட்டர்களை ஒன்றாக இணைத்து இயக்குவதை கிளஸ்டர் என்கிறோம். வங்கிகளும் ஆராய்ச்சி மையங்களும் இவற்றில் முக்கியமான தகவல்களை வைத்திருப்பதால் பாதுகாப்பு தேவை. பல கிளஸ்டர்களில் கெர்பரோஸ் என்னும் முறை பயன்படுகிறது. இது அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1980களில் உருவானது. பாஸ்வேர்டை ஒரு முறை கொடுத்தால் சர்வர் ஒரு டிக்கெட் தரும். பிறகு பைல்களைத் திறக்க டிக்கெட்டே போதும். மேட்டுப்பாளையம் - ஊட்டி மலை ரயில் டிக்கெட் போல, இதுவும் குறித்த காலத்துக்கு மட்டுமே செல்லும். விண்டோஸ் நெட்வொர்க்குகளில் வழக்கமான கெடு 10 மணி நேரம். புதுப்பித்துக் கொண்டே போனாலும் 7 நாட்கள்தான். மூன்று வாரம் ஓட வேண்டிய வேலை எட்டாம் நாள் "அனுமதி இல்லை" என்று நின்றுவிடும்.

இதைக் கண்டு சலித்துக் கொள்பவர்கள் இரண்டு குறுக்கு வழிகளை நாடுகிறார்கள். ஒன்று, கெடுவை மாதக்கணக்கில் நீட்டுவது. மற்றொன்று, தங்கள் பாஸ்வேர்டையே புரோகிராமுக்குள் எழுதி வைப்பது. இரண்டும் தவறு என்பதே என் கருத்து. டிக்கெட்டை யாராவது திருடினாலும் சில மணி நேரத்தில் அது செல்லாமல் போய்விடும் என்பதற்காகத்தான் கெடுவே வைத்தார்கள்.

சரியான வழி, வேலைக்கென்று தனி அக்கவுண்ட் தருவது. தேயிலைத் தொழிற்சாலையில் இலை வாடுவதற்கு இரவு முழுவதும் ஆகும். அதற்காக மேனேஜர் விழித்திருப்பதில்லை. இரவு ஷிப்ட் பார்ப்பவரிடம் தொழிற்சாலைச் சாவி இருந்தால் போதும், பங்களா சாவி எதற்கு? கிளஸ்டரிலும் இதே கதைதான். அந்தத் தனி அக்கவுண்டின் சாவியை 'கீடேப்' என்னும் பைலில் வைத்தால், புரோகிராம் தானாகவே புதிய டிக்கெட் வாங்கிக் கொள்ளும். ஆனால் இந்தப் பைல் பாஸ்வேர்டுக்குச் சமம். பிறர் படிக்க முடியாதபடி அதைப் பூட்டி வைக்க வேண்டும். தேவையான போல்டர்களுக்கு மட்டுமே அந்த அக்கவுண்டுக்கு அனுமதி இருக்க வேண்டும்.

இன்னொன்றும் அவசியம். முடித்த பகுதியை வேலை அவ்வப்போது சேமித்து வர வேண்டும். டிக்கெட் போனாலும், கரண்ட் போனாலும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

வீட்டில் இருக்கும் நமக்கு இதில் என்ன என்று கேட்கலாம். இரவில் போட்டோக்களை இணையத்தில் பேக்கப் எடுக்கிறீர்கள். பாதியில் அது மீண்டும் பாஸ்வேர்ட் கேட்டால் எரிச்சல் வரும். அதற்காக பாஸ்வேர்டை நோட்பேடில் எழுதி டெஸ்க்டாப்பில் வைக்காதீர்கள். அந்தச் சேவை தனி ஆப் பாஸ்வேர்ட் தருகிறதா என்று பாருங்கள். தந்தால் அதையே பேக்கப் புரோகிராமுக்குக் கொடுங்கள். விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி உள்ள புரோகிராமையே தேர்ந்தெடுங்கள். தேவை முடிந்ததும் அந்த ஆப் பாஸ்வேர்டை நீக்கிவிடுங்கள். உங்கள் முக்கிய பாஸ்வேர்ட் உங்களோடு மட்டுமே இருக்கட்டும்.