கண்ணுக்குப் புலப்படாத காடு

புதுக்கோட்டை மாவட்டத்தில், ஜெகதாப்பட்டினத்துக் கரையில் நின்று நோக்குவோர்க்கு விசைப்படகுகளும் வலைகளும் மீன்கூடைகளுமே கண்ணிற்படும். அக்கடலில் ஒரு காடு மிதக்கின்றது என்றால் நம்புவோர் சிலரே. கடல்நீரின் சில துளிகளை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தால் ஐயம் அகலும். சிறு பேழை போன்றும், கோத்த மணி போன்றும் காணப்படும் அவ்வுயிர்களே மிதவைத் தாவரங்கள்.

அவை கதிரவன் ஒளியைக் கொண்டு, நீரிற் கரைந்த கரியமில வாயுவை உணவாக்கிப் பிராணவாயுவை வெளிவிடுகின்றன. உலகத் தாவரங்களின் மொத்த எடையில் அவை நூற்றில் ஒரு பங்களவே. எனினும் உலகில் நிகழும் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறையப் பாதி அவற்றின் தொழிலாம்! அவ்வாறு உண்டான பொருளில் ஒரு சிறு பகுதி ஆழ்கடலுக்குள் இறங்குகின்றது. அதிலுள்ள கரி நெடுங்காலம் அங்கேயே தங்கிவிடுகின்றது. புவியின் வெப்பம் மிகாமல் காக்கும் இயற்கை வழிகளுள் இதுவும் ஒன்று.

ஆயினும், பாக் விரிகுடா ஆழமற்றது. இங்கு விளைவதில் பெரும்பகுதி மீன்களுக்கும் பிற உயிர்களுக்கும் இரையாகி, மீண்டும் நீரிலேயே கலக்கின்றது. எனவே, நம் விரிகுடாவே உலகைக் காக்கின்றது எனப் பெருமை பேசுதல் மிகையாகும்.

"இரும்பைத் தூவி இத்தாவரங்களைப் பெருக்கினால் என்ன?" என்று கேட்போர் உளர். 2009ஆம் ஆண்டில் இந்திய, ஜெர்மானிய அறிஞர்கள் தென்பெருங்கடலில் ஏறத்தாழ 300 சதுரக் கிலோமீட்டர் பரப்பில் அதனைச் செய்தே பார்த்தனர். 'லோஹாஃபெக்ஸ்' என்பது அச்சோதனையின் பெயர். 'லோஹா' என்றால் இந்தியில் இரும்பு. தாவரங்கள் பெருகத்தான் செய்தன. ஆனால் அந்நீரில் சிலிக்காச் சத்து குறைவாதலின், அதனால் ஓடு கட்டிக்கொள்ளும் டயாட்டம்கள் செழிக்கவில்லை. பெருகிய மற்றவற்றையோ சிற்றுயிர்கள் தின்றுவிட்டன. ஆழத்திற் சென்ற கரி மிகச் சொற்பம்.

அளவு மீறிய பெருக்கமும் நன்றன்று. 2019ஆம் ஆண்டு செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில், மண்டபத்தை அடுத்த கடலில் நாக்டிலூகா என்னும் நுண்ணுயிர் பெருகியது. நீர் பச்சை நிறங்கொண்டது. மீன்கள் இறந்து கரை ஒதுங்கின.

ஆதலால், கடலிற் புதிதாக எதையும் கொட்டுவதினும், கழிவுநீரும் வயலுரமும் அதிற் சேராமல் தடுப்பதே அறிவுடைமை என்பது என் கருத்து. நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதைக் குறைக்காமல் அச்சுமையைக் கடலின்மேல் ஏற்றுவது முறையன்று. தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுரக் கிலோமீட்டர் பரப்பைத் தமிழக அரசு 2022ஆம் ஆண்டில் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. அங்குள்ள கடற்புல் கரியைச் சேற்றிற் பிடித்து வைக்கவல்லது. நீர் கலங்கினால் அப்புல்லும் ஒளியின்றி வாடும்; மேலே மிதக்கும் தாவரங்களுக்கும் அதே கதிதான்.