ஊர் வசூலும் அரசின் கடமையும்

அம்பேத்கர் பிறந்தநாளையொட்டிச் சேரிகளில் வீட்டுக்கு வீடு நிதி திரட்டி, மாற்றுத்திறன் குழந்தைக்குச் சக்கர நாற்காலியோ காதொலிக் கருவியோ வாங்கித் தருவதைக் காண்கிறோம். இத்தோழமை போற்றத்தக்கது. ஆயினும் அந்நிதி எதற்குச் செலவாக வேண்டும் என்பதை நாம் சிந்திக்க வேண்டும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய மக்களில் 2.21 விழுக்காட்டினர் மாற்றுத்திறனாளிகள். பட்டியல் சாதியினரிடையே இது 2.45 விழுக்காடு. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இன் 17ஆம் பிரிவு, 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுடைய மாணவர்களுக்கு 18 வயது வரை நூல்களையும் உதவிக் கருவிகளையும் இலவசமாக வழங்குவதை அரசின் பொறுப்பாக்குகிறது. 31ஆம் பிரிவு, 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை அவர்களின் உரிமையாக்குகிறது. நாம் வசூலித்து வாங்கும் கருவிகள் பலவும் சட்டப்படி நம் குழந்தைகளுக்கு ஏற்கெனவே உரியவை.

இவ்வுரிமைகளின் வாயில் மருத்துவச் சான்றிதழ். அதற்காகத் தினக்கூலித் தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். உரிய மருத்துவர் அன்று இல்லையெனில் மீண்டும் செல்ல வேண்டும். ஒவ்வொரு பயணத்திலும் ஒருநாள் கூலி பறிபோகிறது. இங்கேதான் ஏழைக் குடும்பங்கள் தேங்கி நிற்கின்றன.

ஆகவே, ஊர்நிதி முதலில் அந்தக் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் ஈடுசெய்யட்டும். விண்ணப்பம் எழுதத் தெரிந்த இளைஞர் ஒருவர் உடன் செல்லட்டும். உரிமை மறுக்கப்பட்டால் மாநில ஆணையரிடம் முறையிடுவோம்.

நன்கொடை நாற்காலி பழுதானால் மறுபடியும் வசூல்தான். உரிமையாய்ப் பெற்ற நாற்காலிக்கு அரசு பதில் சொல்லியாக வேண்டும்.