இரண்டு நிமிடச் சூரியன்

கன்னியாகுமரியில் சூரியனின் விளிம்பு கடலுக்கு மேலே தெரிந்ததிலிருந்து முழு வட்டமாக எழும்ப எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமா? இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதல். அவ்வளவுதான். அதற்காக ராத்திரியோடு பஸ் ஏறி, இருட்டில் வந்து இடம் பிடிக்கிறோம். சூரியன் வந்ததும் பாதிக் கூட்டம் அதற்கு முதுகைக் காட்டித் திரும்பி நிற்கிறது. செல்ஃபியாம்!

போட்டோவே எடுக்கக் கூடாது என்று சொல்ல வரவில்லை. (எடுக்காமல் போனால் வீட்டில் சும்மா விடுவார்களா?) எப்போது, எதை என்பதுதான் என் கேள்வி.

நான் பி.காம். படிப்பவன், எல்லாமே எனக்குக் கணக்குதான். அந்தக் கால பிலிம் ரோலில் 36 படம். ஒவ்வொன்றுக்கும் பிலிம், கழுவும் கூலி, பிரிண்ட் என்று காசு. அதனால் நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தார்கள். செல்போனில் இன்னொரு படம் எடுக்க ஆகும் இறுதிநிலைச் செலவு கிட்டத்தட்ட பூஜ்யம். பணம் போகவில்லை, சரி. கவனம் போகிறதே, அதை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

அமெரிக்காவில் லிண்டா ஹென்கெல் என்ற உளவியலாளரின் ஆய்வு 2014-ல் வெளியானது. அருங்காட்சியகத்தில் மாணவர்களைச் சில பொருட்களைப் போட்டோ எடுக்கவும், சிலவற்றை வெறுமனே பார்க்கவும் சொன்னார். மறுநாள் கேட்டால், போட்டோ எடுத்தவைதான் குறைவாக நினைவில் இருந்தன! ஆனால் ஒரு பகுதியை மட்டும் ஜூம் செய்து எடுத்தவர்களுக்கு அந்த நஷ்டம் இல்லை. 2017-ல் வந்த இன்னொரு ஆய்வு, விருப்பப்பட்டு எடுத்தவர்களுக்குக் கண்ணால் பார்த்தது கூடுதலாகவே நினைவில் நின்றது, காதால் கேட்டதுதான் குறைந்தது என்கிறது. ஆக, குற்றவாளி கேமரா இல்லை. எதையும் தேர்ந்தெடுக்காமல் தட்டிக்கொண்டே போகிற கை.

போன வருடம் எங்கள் வகுப்பே குமரிக்குப் போனது. மாலைக்குள் வாட்ஸப்பில் எழுநூறு படங்களுக்கு மேல். ஒரு வாரம் கழித்து நண்பனிடம், "அன்னைக்கு மேகம் இருந்துச்சாடா?" என்று கேட்டேன். "இருடா, பாத்துச் சொல்றேன்" என்று செல்போனைத் திறந்தான். இத்தனைக்கும் என் பக்கத்தில்தான் நின்றான்!

நான் இப்போது செய்வது இதுதான். அந்த இரண்டு நிமிடமும் செல்போன் பையில். வட்டம் முழுதாக வந்த பிறகு ஒரு படம். அப்போதும் வெளிச்சம் நன்றாகவே இருக்கும். சூரியனை நேராக எடுத்தால் பெரும்பாலும் வெள்ளைப் பொட்டுதான் விழுகிறது, அது வேறு விஷயம்.

கூட வந்த மனிதர்களுக்கு மட்டும் இந்தக் கஞ்சத்தனம் வேண்டாம். 2001-ல் அப்பா, அம்மா, ஆச்சி மூவரும் குமரி போனதற்கு வீட்டு ஆல்பத்தில் இரண்டே படம். ஒன்றில் ஆச்சி கலர் மணல் பாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு கண் கூசி நிற்கிறார். சூரியன் படத்திலேயே இல்லை, அவர் முகத்தில் அடிக்கிற வெயில்தான். ஆச்சி இப்போது இல்லை. வள்ளுவர் சிலை எடுத்த இன்னொரு படத்தை அந்த ஆல்பத்தில் யாரும் நின்று பார்த்ததில்லை.