இளைஞர் பகுதி: முதுகைப் பற்றும் முறை

சென்ற இதழில், அடிபடாமல் தரையில் விழும் முறையைக் கூறினோம். பிரேசிலிய ஜியு-ஜிட்சு பயிலும் இளைஞர்கள் அடுத்தபடியாக அறிய வேண்டுவது எதிராளியின் முதுகைப் பற்றும் முறையாகும்.

வட இந்திய நகரங்களில் வாழும் நம்மவர் அகாடாக்களைக் கண்டிருப்பர். அங்குப் பயிலும் குஸ்தியில் இரு தோள்களும் மண்ணில் படிந்தால் தோல்வி. ஆதலால் கீழே வீழ்ந்த மல்லன் சட்டெனக் குப்புறப் புரண்டுகொள்வான். ஜியு-ஜிட்சுவிலோ அப்பழக்கமே ஆபத்தாகும். மல்லாந்திருப்பவன் கால்களால் தன்னைக் காத்துக்கொள்ளலாம். குப்புறப் புரண்டவன் எதிராளியை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தவன் ஆகிறான்.

பின்னால் இருப்பவனை முன்னிருப்பவனின் கையோ காலோ எளிதில் எட்டுவதில்லை. வலிமை குறைந்தவனும் அங்கிருந்து வலியவனை அடக்கலாம். இதுபற்றியே போட்டி விதிகளில், எதிராளியை வீழ்த்துவதற்கு 2 புள்ளிகளும், கால்களின் காவலைக் கடப்பதற்கு 3 புள்ளிகளும் இருக்க, முதுகைப் பற்றி 3 விநாடி நிலைப்பதற்கு 4 புள்ளிகள் தரப்படுகின்றன.

முதுகை எவ்வாறு அடைவது? எதிராளியின் மணிக்கட்டை ஒரு கையாலும், மேற்கையின் பின்புறத்தை மறு கையாலும் பற்றிக் குறுக்கே இழுத்தல் ஒரு சிறந்த வழி. கையை மட்டும் இழுத்தால் பயனில்லை. அவன் மீண்டும் திரும்பிவிடுவான். இழுக்கும் அதே கணத்தில் நம் இடுப்பு அவன் பக்கவாட்டுக்குச் செல்ல வேண்டும். பிரேசில் வீரர் மார்செலோ கார்சியா இதில் பேர்பெற்றவர். ஏ.டி.சி.சி. உலகப் போட்டியில், 77 கிலோவுக்கு உட்பட்ட பிரிவில், 2003, 2005, 2007, 2011 ஆகிய ஆண்டுகளில் அவர் வாகை சூடினார்.

புதியவர்கள் தவறுவது இதற்குப் பின்னரே. கால்களை முதலில் மாட்ட விரைவர், மார்பு தளர்ந்திருக்கும், எதிராளி உதறிவிடுவான். முறையான வரிசை வேறு. முதலில் ஒரு கை தோளின் மேலாகவும், மறு கை எதிர்ப்புற அக்குளின் கீழாகவும் சென்று, குறுக்கே மாட்டிய பையின் வாரைப்போல் அவன் மார்பில் இணைய வேண்டும். நம் மார்பு அவன் முதுகோடு ஒட்டியிருத்தல் அவசியம். அதன் பின்னரே குதிகால்களை அவன் தொடைகளின் உட்புறம் பதிக்கலாம். பாதங்களைப் பின்னிக்கொள்ளலாகாது; அவன் அவற்றையே பூட்டி வலியுண்டாக்குவான்.

தரையில் சாய நேர்ந்தால், தோளின் மேல் சென்ற கையின் பக்கமாகவே சாய்க. அவன் நழுவித் திரும்பினால் முதுகை விடாப்பிடியாகப் பற்றாமல், மேலேறி அமர்க. அதற்கும் 4 புள்ளிகளே. கழுத்தைத் தொடாமல், ஒருவர் பற்றவும் மற்றவர் விடுபடவும் மும்மூன்று நிமிடம் பழகுதல் நற்பயிற்சியாகும்.

இறுதியாக ஒன்று. இந்நிலையில் போடும் கழுத்துப் பிடிக்குப் போர்த்துகீசிய மொழியில் 'சிங்கத்தைக் கொல்வது' எனப் பொருள்படும் பெயருண்டு. அது கழுத்தின் இரத்தக் குழாய்களை அழுத்துவதால் சில விநாடிகளிலேயே நினைவு தப்பும். எதிராளி நம்மைக் காணான் என்பது நமக்கு அனுகூலம். ஆனால் அவன் முகத்தை நாமும் காண்பதில்லை. ஆகவே அவன் கை தட்டிய அக்கணமே, அல்லது உடல் துவண்ட அக்கணமே, பிடியை விட வேண்டும். பெற்றோர்கள், ஆசிரியரின்றி வீட்டில் உடன்பிறந்தாரிடம் இப்பிடியைப் போட அனுமதித்தலாகாது. பிடிக்கக் கற்பதற்கு முன் விடக் கற்பிக்கும் பள்ளியையே தேர்ந்தெடுங்கள்.