உள்நாட்டு விவகாரம்

கும்பகோணத்தில் மகாமகக் குளத்துப் பக்கம் நான் டீ குடிக்கும் கடையில், பால் பொங்குவதற்குள் உக்ரைன் போரை நிறுத்திவிடக்கூடியவர்கள் நாலைந்து பேர் உண்டு. காசாவுக்கு இரண்டாவது டீ வரை ஆகும். என் முனைவர் பட்ட ஆய்வுக்கு வேண்டிய தரவைத் தவிர உலகத்து விவரம் எல்லாமே அங்கே கிடைக்கும்.

2024 நவம்பரில் கமலா ஹாரிஸ் தோற்ற செய்தி வந்த மறுநாள் காலை, கடை சாவு வீடு போலிருந்தது. "நம்ம ஊர்ப் பொண்ணு தம்பி, இப்படி விட்டுட்டாங்களே" என்றார் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். மன்னார்குடி அருகே உள்ள துளசேந்திரபுரம் கமலாவின் தாய்வழித் தாத்தா பி.வி. கோபாலனின் பூர்வீக ஊர். கமலா துணை அதிபரானபோது அங்கே வெடி வெடித்தார்கள், கோயிலில் பூசை செய்தார்கள், பேனர் கட்டினார்கள். அவருடைய தந்தை ஜமைக்காவிலிருந்து வந்த கறுப்பர். அந்தப் பாதியைப் பற்றி எங்கள் டீக்கடையில் ஒரு நாளும் ஒருவரும் வாய் திறந்ததில்லை.

சும்மா இருக்காமல் நான் கேட்டுவைத்தேன்: "சார், அமெரிக்காவில் இன்னொரு நம்ம ஊர்ப் பெண்ணும் இருக்கிறாரே, க்ஷமா சாவந்த்?" தமிழ்ப் பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்து புனேவில் பிறந்து சியாட்டில் நகர மன்ற உறுப்பினரானவர். 2023 பிப்ரவரியில் அவர் கொண்டுவந்த சட்டத்தால்தான் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்த முதல் அமெரிக்க நகரமானது சியாட்டில். அவருக்கு எந்த ஊரிலாவது பேனர் கட்டியதாக நான் கேள்விப்படவில்லை. அதே ஆண்டு கலிஃபோர்னியாவில் இரு அவைகளிலும் நிறைவேறிய சாதிப் பாகுபாட்டுக்கு எதிரான மசோதாவை, இருக்கிற சட்டமே போதும் என்று சொல்லி ஆளுநர் கவின் நியூசம் அக்டோபரில் திருப்பி அனுப்பினார். அதற்காகவும் இங்கே ஒரு டீயும் ஆறவில்லை.

ஆசிரியர் டம்ளரைக் கீழே வைத்தார். "அது நம்ம வீட்டு விஷயம் தம்பி. அதைப் போயி அடுத்தவன் நாட்டுல எதுக்குப் பேசணும்?"

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்திய அரசே அவருக்கு முன்பு அதைச் சொல்லிவிட்டது. 1946இல், தென்னாப்பிரிக்காவில் இந்திய வம்சாவளியினர் நடத்தப்படும் விதம் குறித்து ஐ.நா. பொதுச்சபையில் இந்தியா புகார் கொடுத்தது. அது எங்கள் உள்நாட்டு விவகாரம் என்றது தென்னாப்பிரிக்கா. மனித உரிமையில் உள்நாடு, வெளிநாடு கிடையாது என்று இந்தியா வாதாடி, சபையைத் தன் பக்கம் திருப்பியது. நல்ல வாதம். 2001இல், அதே தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இனவெறிக்கு எதிரான ஐ.நா. மாநாடு நடந்தது. சாதியையும் அங்கே பேச வேண்டும் என்று தலித் அமைப்புகள் கேட்டன. சாதி வேறு, இனம் வேறு, அது எங்கள் உள்நாட்டு விவகாரம் என்றது இந்திய அரசு. வெள்ளையர் அரசு போட்டுவிட்டுப் போன சட்டை நமக்கு அளவெடுத்துத் தைத்தது போலவே இருந்தது.

அண்ணல் அம்பேத்கர் இதை முன்கூட்டியே யோசித்திருந்தார். அதே 1946இல் டு பாய்ஸுக்கு அவர் எழுதிய கடிதத்தில், அமெரிக்கக் கறுப்பர்கள் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் படிகளைக் கேட்டிருந்தார். ஊருக்குள் நியாயம் கிடைக்காதவன் ஊருக்கு வெளியே குரல் கொடுக்கத்தான் செய்வான்.

எங்கள் ஊரில் பெரியப்பா இறந்தது ஒரு ஐப்பசி மழையில். ஊர்த்தெரு வழியாகப் போனால் சுடுகாட்டுக்குப் பத்து நிமிடம். நாங்கள் முழங்கால் சேற்றில், சம்பா நட்ட வயல்களின் வரப்பில் பாடையைத் தூக்கிப் போனோம். ஒரு இடத்தில் கால் வழுக்கிப் பாடை சாய்ந்தது. பெரியப்பாவின் தலையை நான்தான் தாங்கிப் பிடித்தேன். பாதை கேட்டு கலெக்டருக்கு மனு எழுதினேன். அன்று மாலையே ஊரிலிருந்து ஒருவர் வந்தார். என் வயதுதான் இருக்கும். பைக்கிலிருந்து இறங்காமலே, நின்றுகொண்டிருந்த என் அப்பாவிடம் சொன்னார்: "நம்ம ஊர் விஷயத்த எதுக்குப்பா வெளிய கொண்டு போற? நமக்குள்ள பேசிக்கலாம்ல?"

அந்த ஊரில் அதுவரை எங்களை யாரும் 'நம்ம' என்று சொன்னதில்லை. அந்தத் தெருவில் நடக்கும்போது நாங்கள் 'நம்ம' இல்லை. கோயில் வரி போடும்போதும் இல்லை. புகார் கொடுக்கப் போனால் மட்டும் 'நம்ம' ஆகிவிடுகிறோம். டர்பனில் இந்திய அரசு சொன்னதும் அதே 'நம்ம'தான். கொஞ்சம் நல்ல ஆங்கிலத்தில் சொன்னார்கள், அவ்வளவுதான்.

ஆகவே தோழர்களே, நியூயார்க்கிலோ ஜெனிவாவிலோ யாராவது சாதியைப் பற்றிப் பேசினால், நாட்டின் மானம் போகிறது என்று பதறுகிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: உள்ளே பேசலாம் என்கிறீர்களே, எந்தத் தெருவில் வைத்துப் பேசலாம்? ஆசிரியரிடம் அன்று நானும் அதைத்தான் கேட்டேன். அவர் பேப்பரைப் புரட்டி, "டிரம்ப் வந்தா பெட்ரோல் விலை குறையுமா தம்பி?" என்றார்.

மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. அடுத்த ஐப்பசியும் வரப்போகிறது.