வீட்டுக்குள் வரும் சந்தை

ஒரு வீட்டில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் கூடுகிறார்கள். தேநீர் பரிமாறப்படுகிறது, ஊர்க்கதை பேசப்படுகிறது. பின்னர் ஒருவர் எழுந்து சமையற் பாத்திரங்களை மேசைமீது பரப்பி, ஒவ்வொன்றாக எடுத்து விளக்குகிறார். விரும்பியவர்கள் வேண்டியதை எழுதிக் கொடுக்கிறார்கள். வீட்டுக்காரிக்கு ஓர் அன்பளிப்புக் கிடைக்கிறது. 'வீட்டு விற்பனை விருந்து' என்று நாம் பெயரிடக்கூடிய இம்முறை உலகின் பல நாடுகளில் வேரூன்றிவிட்டது. பாத்திரம், சவர்க்காரம், சத்துமா என்று ஏதோவொன்றை இவ்வாறு விற்றுத் தாருங்கள் என எமது பெண்களைத் தேடி வருவோரும் உள்ளனர்.

காணியைப் பிரிந்து வாழும் விவசாயக் குடும்பத்துக்குக் கடை திறக்க முதலில்லை. ஆகவே, கடையில்லாமலே வியாபாரம் செய்யலாம் என்ற அழைப்பு கவர்ச்சியாகவே இருக்கும். அதை உடனே ஏற்கவும் வேண்டாம், உடனே தள்ளவும் வேண்டாம் என்பதே எமது கருத்து. இம்முறை எங்கே பிறந்தது, எப்படி வென்றது, வென்றதன் பலன் யாரைச் சேர்ந்தது என்பதை முதலில் அறிந்துகொள்வோம்.

கடையில் விலைப்படாத கிண்ணம்

அமெரிக்காவில் ஏர்ல் டப்பர் என்பவர் மரங்களைப் பராமரிக்கும் தொழில் செய்து, 1930களின் பொருளாதார மந்தத்தில் நொடித்துப் போனார். பின்னர் பிளாஸ்ரிக் தொழிலுக்குள் இறங்கி, 1940களில் மெல்லிய, உடையாத கிண்ணங்களைத் தயாரித்தார். பெயின்ற் தகரத்தின் மூடி இறுகப் பொருந்தும் விதத்தைப் பார்த்து, காற்றோ நீரோ புகாத மூடியொன்றையும் அமைத்தார். இவைதான் டப்பர்வெயார் பாத்திரங்கள்.

பொருள் நல்லது. ஆயினும் கடைகளில் அது எதிர்பார்த்தபடி விலைப்படவில்லை. மூடியின் நடுவை அழுத்தி, ஓரத்தைச் சற்றே நெம்பி உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றினால்தான் அது சரியாக இறுகும். இதனைக் கடை இராக்கையில் இருக்கும் கிண்ணம் தானாகச் சொல்லாது. யாராவது செய்து காட்டவேண்டும்.

அதைச் செய்து காட்டியவர் பிரவுணி வைஸ் என்ற பெண். கணவரைப் பிரிந்து, ஒரு மகனைத் தனியே வளர்த்தவர். வீடுகளில் துப்புரவுப் பொருட்கள் விற்ற ஸ்ரான்லி என்ற கொம்பனியின் விற்பனையாளராக இருந்தபோது, வீட்டுக் கூட்டத்தில் விற்கும் முறையை அவர் பழகிக்கொண்டார். கிண்ணத்தில் நீர்ப்பொருளை நிரப்பி, மூடி, கூடியிருந்தோர் முன்னால் எறிந்து காட்டுவார். ஒரு துளியும் சிந்தாது. அவரது விற்பனையைக் கண்ட டப்பர் 1951இல் அவரை உப தலைவராக்கி, பாத்திரங்களைக் கடைகளிலிருந்து மீட்டு வீட்டு விருந்துகளில் மாத்திரம் விற்கத் தொடங்கினார். 1954இல் பிஸினஸ் வீக் சஞ்சிகையின் அட்டையில் இடம்பெற்ற முதற் பெண்ணும் பிரவுணி வைஸ்தான்.

நல்ல விருந்து நடப்பது எப்படி

இந்த வெற்றிக்கு மந்திரம் எதுவும் இல்லை. ஒழுங்கு இருந்தது. அந்த ஒழுங்கை எமது மாதர் சங்கங்களும் கற்றுக்கொள்ளலாம்.

முதலாவது, வீட்டுக்காரி வேறு, விற்பவர் வேறு. அழைப்பதும் உபசரிப்பதும் வீட்டுக்காரியின் வேலை. பொருளை விளக்குவதும் கணக்கு எழுதுவதும் விற்பவரின் வேலை. இரண்டையும் ஒருவர் செய்யப்போனால் இரண்டும் குழம்பும்.

இரண்டாவது, அழைப்பு நேரில் போகவேண்டும். விற்பனைக்கான கூட்டம் என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். கதைக்க வாருங்கள் என்று கூப்பிட்டுவிட்டு விலைப் பட்டியலை நீட்டினால், வந்தவர் அடுத்தமுறை வரமாட்டார்.

மூன்றாவது, பொருளைக் கையில் கொடுக்க வேண்டும். மூடியைத் திறந்து பார்க்கவும் பாரத்தை அறியவும் ஒவ்வொருவருக்கும் நேரம் விடவேண்டும். அதைப் புகழ்ந்து பேசும் நேரத்தை அதனைப் பயன்படுத்திக் காட்டச் செலவிட்டால் பலன் அதிகம். காட்டவேண்டிய தேவை இல்லாத பொருளுக்கு விருந்தே தேவையில்லை. கடையில் வாங்கக்கூடிய சீனியை விற்க யாரும் தேநீர் வைத்து அழைப்பதில்லை.

நான்காவது, பொருள் கைக்கு வரும் நாளைச் சொல்லி, அந்த நாளிலேயே கொடுத்துவிட வேண்டும். பழுதென்றால் மாற்றித் தரவேண்டும். அயலில் விற்பவருக்கு ஓடி ஒளிய இடமில்லை.

ஐந்தாவது, கணக்கு. உதாரணமாக, 12 பேர் வந்து அவர்களில் 6 பேர் தலா 800 ரூபாவுக்கு வாங்கினால் விற்பனை 4,800 ரூபா. பொருளின் கொள்விலை 3,400, பஸ் செலவு 300, தேநீருக்கும் பலகாரத்துக்கும் 400, வீட்டுக்காரிக்கு அன்பளிப்பு 300 என்று கழித்துப் பாருங்கள். மிச்சம் 400 ரூபா. அழைத்துத் திரிந்த நாளையும் பொருள் கொண்டுபோய்க் கொடுத்த நாளையும் சேர்த்தால், அது இரண்டு நாட் கூலிக்கு ஈடாகுமா? விற்பனையைப் பார்த்து மகிழ்வோர் பலர். மிச்சத்தை எழுதிப் பார்ப்போர் சிலர். பிழைத்துக்கொள்வது அந்தச் சிலர்தான்.

நட்புக்கு விலையுண்டா?

இம்முறையின் பலம் எதுவோ அதுவே அதன் ஆபத்தும் ஆகும். கடைக்காரரிடம் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பலாம். தேநீர் தந்த தோழியின் வீட்டில் அது இலகுவல்ல. ஒருவர் வீட்டில் கை நனைத்தவர் வெறுங்கையோடு எழும்பக் கூசுவது எமது பண்பாடு. அந்தக் கூச்சத்திலே விற்கப்படும் கிண்ணம் தேவைக்காக வாங்கப்பட்ட கிண்ணம் அல்ல.

வசதியுள்ள அமெரிக்கப் புறநகரில் இதனால் வீட்டுக்கு ஒரு கிண்ணம் அதிகமாகச் சேர்ந்திருக்கும், அவ்வளவே. எமது நிலை வேறு. இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு அயலவரே சேமிப்பு, அயலவரே காப்புறுதி. அரிசி முடிந்தால் ஒரு சுண்டு கைமாற்றாகத் தருபவரும், பிள்ளைக்குக் காய்ச்சலென்றால் இரவில் கூட வருபவரும் அவர்களே. அவர்களை வாடிக்கையாளர் பட்டியலில் எழுதினால், அவர்கள் எம்மைக் கண்டு ஒழுங்கையால் விலகிப்போகும் நாள் வரும். அந்த நட்டத்தை எந்தக் கணக்குப் புத்தகமும் காட்டாது. கடனுக்குப் பொருள் கொடுத்தால் அந்த நாள் இன்னும் விரைவாக வரும்.

உழைத்தவருக்குக் கிடைத்தது

பிரவுணி வைஸின் கதை இங்கே முடியவில்லை. 1958 சனவரியில் அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். கொம்பனியின் பங்கு ஒன்றுகூட அவர் பெயரில் இருக்கவில்லை. கையில் கிடைத்தது ஏறத்தாழ ஓராண்டுச் சம்பளம். அதே ஆண்டில் டப்பர் அந்தக் கொம்பனியை ஒரு கோடியே அறுபது இலட்சம் டொலருக்கு விற்றார். சந்தையைக் கட்டியெழுப்பியவர் வெளியே நின்றார். விற்பனைப் பணம் உரிமைப் பத்திரம் வைத்திருந்தவரைச் சேர்ந்தது.

அந்தக் கொம்பனியும் என்றென்றும் செழித்திருக்கவில்லை. வாங்கும் பழக்கங்கள் மாறின, மலிவான பாத்திரங்கள் எங்கும் வந்தன. 2024 செப்ரெம்பரில் அது கடன்சுமை தாங்காது அமெரிக்க நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கோரியது. பிறர் பொருளை நம்பி வாழ்பவருக்கு அப்பொருளின் வீழ்ச்சியிலும் பங்குண்டு. அதை உயர்த்திப் பிடித்தமைக்கான பங்கு மாத்திரம் கிடைப்பதில்லை.

இன்னொரு பொறியையும் குறிப்பிட வேண்டும். சிலர் பாத்திரத்தைக் காட்டி விற்கச் சொல்வதில்லை. முதலில் பணம் கட்டிச் சேருங்கள், பின்னர் இருவரைச் சேருங்கள், அவர்கள் மேலும் இருவரைச் சேர்த்தால் உங்களுக்கு வருமானம் என்கிறார்கள். இது பிரமிட் திட்டம். இலங்கையில் 1988ஆம் ஆண்டின் வங்கித்தொழில் சட்டமும் அதன் திருத்தங்களும் இதனைக் குற்றமாக்கியுள்ளன. இவற்றைப் பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: "புதிதாக ஒருவரும் சேராவிட்டால், பொருளை விற்பதால் மாத்திரம் எனக்கு வருமானம் உண்டா?" இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

நாம் செய்யக்கூடியது

ஆகவே, வீட்டு விற்பனையை முற்றாக ஒதுக்கச் சொல்ல எமக்கு மனமில்லை. முறையை எடுத்துக்கொள்வோம், உரிமையை எம்மிடம் வைத்துக்கொள்வோம். பத்துப் பெண்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்து தாமே வறுத்து இடித்த மிளகாய்த்தூளையோ, ஒடியல் மாவையோ, பனையோலையில் இழைத்த நீத்துப்பெட்டியையோ, சுளகையோ விற்கலாம். இவையும் காட்டி விற்கவேண்டிய பொருட்களே. புதிய நீத்துப்பெட்டியில் அவித்த பிட்டை ஒரு வாய் உண்டவருக்கு வேறு விளம்பரம் தேவையில்லை.

சங்கம் மூன்று கட்டுப்பாடுகளை முதற் கூட்டத்திலேயே எழுதிக்கொள்ளட்டும். வாங்காதவருக்கும் அதே தேநீர், அதே முகம். கடன் விற்பனை இல்லை. ஒரே வீட்டுக்கு மாதத்துக்கு ஒரு தடவைக்கு மேல் போவதில்லை. மாத முடிவில் மிச்சத்தை அனைவர் முன்னும் வாசித்துப் பங்கிட்டு, ஒரு பகுதியைப் பொது முதலாக விடுங்கள். அந்த முதல் யாருடைய பெயரில் இருக்கிறது என்பதை ஒவ்வொருவரும் அறிந்திருக்கவேண்டும்.

ஏற்கெனவே வெளியாரின் பொருளை விற்கும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. இன்றிரவு ஒரு கொப்பியை எடுத்து, கடந்த மூன்று மாத வரவையும் செலவையும் எழுதிப் பாருங்கள். அடுத்து, இந்த வியாபாரம் தொடங்கியபின் உங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டவர்களின் பெயர்களையும் எழுதுங்கள். தொடர்வதா விடுவதா என்பதை அந்த இரண்டு பட்டியல்களையும் வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.