சட்டவிதிகளுக்குள் மறைந்திருக்கும் வேலி

குறிப்பிட்ட ஓர் இனத்தவர் இந்த ஊரில் குடியேறக்கூடாது என்று அறிவிப்புப் பலகை நாட்டுவதற்கு இன்று எந்தவொரு ஜனநாயக நாட்டிலும் எவரும் துணியமாட்டார்கள். ஆனால், அரை ஏக்கருக்குக் குறைந்த காணியில் வீடு கட்டக்கூடாது என்ற சாதாரணமான ஒரு நகரசபை விதியினால் அதே நோக்கத்தைச் சத்தமின்றி நிறைவேற்றிவிட முடியும். அந்த விதியில் இனமோ நிறமோ குறிப்பிடப்பட்டிருக்காது. காணியின் விலையே வாசற்காவலனின் வேலையைச் செய்துவிடும்.

அமெரிக்காவில் 1968 ஏப்ரலில், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு ஒரு வாரத்தில், வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இனப்பாகுபாட்டைத் தடைசெய்யும் சமஷ்டிச் சட்டத்தில் ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன் கையெழுத்திட்டார். கறுப்பினத்தவர் என்பதற்காக ஒருவருக்கு வீட்டை மறுக்க முடியாது என்றது அச்சட்டம். ஆனால், அவரால் வாங்கக்கூடிய வீடு எதுவும் அந்த ஊரில் இல்லையென்றால் என்ன செய்வது? அந்தக் கேள்விக்கு நேரடியான பதிலைத் தேடிய மாநிலம் நியூ ஜேர்சி.

அங்குள்ள மவுண்ட் லோரல் என்ற ஊரில் கறுப்பினக் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவந்தன. புறநகர் வளர்ச்சியினால் காணி விலை உயர, அவர்களில் பலர் சிதைந்த கொட்டில்களிலும் முன்னர் கோழிக்கூடுகளாக இருந்த கட்டடங்களிலும் ஒதுங்க நேர்ந்தது. 36 அடுக்குமாடி வீடுகளைக் கட்ட அனுமதிக்குமாறு எதெல் லோரன்ஸ் என்ற பெண்மணியும் அயலவர்களும் கேட்டனர். நகரசபை மறுத்தது. இங்கு வாழ வசதியில்லாதவர்கள் வெளியேற வேண்டியதுதான் என்ற தொனியில், 1970 ஆம் ஆண்டு தேவாலயத்தில் நடைபெற்ற கூட்டத்திலேயே மேயர் அவர்களுக்குக் கூறினார்.

வழக்கு மாநில உச்சநீதிமன்றம் வரை சென்றது. 1975 இல் வழங்கப்பட்ட தீர்ப்பின் தர்க்கம் எளிமையானது. காணிப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் நகரசபையின் சொந்தச் சொத்து அல்ல; மாநிலம் வழங்கிய அதிகாரம் அது. ஆகவே, அந்தந்த ஊர்வாசிகளின் நலனுக்காக மாத்திரமன்றி, பிராந்தியத்தின் சகல மக்களினதும் பொதுநலனுக்காகவே அது பயன்படுத்தப்படவேண்டும். வளர்ந்துவரும் ஒவ்வொரு ஊரும் குறைந்த வருமானம் உடையோருக்கான வீட்டுத் தேவையில் நியாயமான பங்கை ஏற்கவேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. இனப்பாகுபாட்டு நோக்கம் நிரூபிக்கப்பட்டாலன்றி இத்தகைய விதிகள் அரசியலமைப்பின் சமத்துவப் பாதுகாப்பை மீறியவையாகா என்று சமஷ்டி உச்சநீதிமன்றம் இரண்டு ஆண்டுகள் கழித்து வேறொரு வழக்கில் கூறியதை நோக்கும்போது, மாநில நீதிமன்றத்தின் துணிச்சல் விளங்கும்.

ஆனால், தீர்ப்பு வீடாக மாறவில்லை. சுமார் 14,000 ஏக்கர் பரப்புள்ள மவுண்ட் லோரல், வெறும் 20 ஏக்கரை அதற்கென ஒதுக்கிவிட்டுக் கடமை முடிந்தது என்றது. சினமடைந்த நீதிமன்றம் 1983 இல், பிரதம நீதியரசர் ரொபேர்ட் வில்லென்ஸ் எழுதிய இரண்டாவது தீர்ப்பின் மூலம், மறுக்கும் ஊர்களில் ஒரு பகுதியை மலிவு வீடுகளாகக் கட்ட முன்வரும் நிர்மாண நிறுவனங்கள் வழக்காடி அனுமதி பெற வழி திறந்தது. 1985 இல் மாநிலச் சட்டசபை நியாயமான வீடமைப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அச்சட்டத்திலும் ஓர் ஓட்டை வைக்கப்பட்டது. வசதிபடைத்த ஊர்கள் தங்கள் பங்கில் பாதிவரை பணம் கொடுத்து வறிய நகரங்களிடம் தள்ளிவிடலாம்! அந்த ஏற்பாடு 2008 வரை நீடித்தது.

எதெல் லோரன்ஸ் 1994 இல் காலமானார். அவரது பெயரைத் தாங்கிய குடியிருப்பில் முதற் குடும்பங்கள் குடியேறியபோது ஆண்டு 2000 ஆகிவிட்டது. குற்றம் பெருகும், வீட்டு விலை வீழ்ச்சியடையும், வரி உயரும் என்றெல்லாம் அயலவர்கள் அஞ்சினர். அவை எதுவும் நிகழவில்லை என்பதைச் சமூகவியலாளர் டக்ளஸ் மாசி குழுவினரின் ஆய்வு 2013 இல் எடுத்துக்காட்டியது.

போக்குவரத்து நெரிசல், பாடசாலைகளில் இடப்பற்றாக்குறை, சுற்றுச்சூழல் என்று எதிர்ப்பாளர்கள் கூறுபவை அனைத்தும் பொய்யல்ல. நிர்மாண நிறுவனங்களின் இலாபத்துக்கும் இந்த ஏற்பாடு இடமளிக்கிறது. ஆனால், பெரிய மாளிகைகளும் அலுவலகத் தொகுதிகளும் வரும்போது எழாத அந்தக் கவலைகள், ஒரு தாதியோ பேருந்துச் சாரதியோ குடியிருக்கக்கூடிய வீடு வரும்போது மாத்திரம் எழுவது ஏன்?

2024 மார்ச்சில் ஆளுநர் பில் மேர்பி கையெழுத்திட்ட புதிய சட்டம், ஒவ்வொரு ஊரினதும் பங்கைக் கணிப்பதற்கான விதிமுறையையும் காலக்கெடுக்களையும் வகுத்தது. சில நகரசபைகள் அதையும் எதிர்த்து நீதிமன்றம் சென்றன. காலக்கெடுவும் தண்டனையும் இல்லாத உரிமை காகிதத்திலேயே உறங்கும் என்பதே இந்த ஐம்பது ஆண்டு வரலாறு புகட்டும் பாடம்.

நியூ ஜேர்சியின் புறநகர்களில் தமிழ்க் குடும்பங்களும் கணிசமாக வாழ்கின்றன. பிள்ளைகளுக்கு நல்ல பாடசாலை வேண்டும் என்பதற்காகவே பெருங்கடன்பட்டு அங்கு வீடு வாங்கியவர்கள் அவர்களில் பலர். அதே பாடசாலையைத் தன் பிள்ளைக்கும் விரும்பும் வசதிகுறைந்த தாய்க்காக ஊரில் வீடு கட்டப்படவிருக்கும்போது, நகரசபைக் கூட்டத்தில் அவர்கள் எந்தப் பக்கம் எழுந்து பேசுவார்கள்? கதவு அடைக்கப்படுவதன் வலியை அறிந்த சமூகம், உள்ளே நுழைந்த பின்னர் அதைத் தானே அடைப்பதில் பங்காளியாகக் கூடாது.